‘பால் பற்றவில்லை’ என்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் தாய்ப்பாலின் சிறப்பை எல்லோரும் பேசுகிறோம். அது நல்லது என்பது தாய்மாருக்குத் தெரியும். குழந்தை பால் குடிப்பதை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, இதில் அனுபவமுள்ள ஆள்தான் அவர்களுக்கு வேண்டும். அதுவும் பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில்.

முதல் இரண்டு நாள் ஊறுவது சீம்பால். அளவு கொஞ்சம்தான், பிறந்த அன்று குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டியே போதும். மூன்றாம் நாள் வாக்கில் பால் பெருகி, மார்பு கல்லாகக் கனக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் விறைத்துவிடுவதால் குழந்தையின் வாய் வழுக்குகிறது. காம்பை மட்டும் கடித்து இழுத்துவிட்டு வீறிடுகிறது. காம்பு வெடிக்கிறது. பெரும்பாலும் அதற்குள் தாய் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருப்பார். ‘பால் பற்றலை’ என்று யாராவது சொல்ல, புட்டி வந்துவிடும். புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகக் குடிக்கும். குடிக்கக் குடிக்கத்தானே பால் ஊறும்? சில நாளில் உண்மையாகவே பால் பற்றாமல் போகிறது.

இதைத் தடுக்க மருந்து வேண்டாம். கருவளையத்தைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, ஒரு நிமிடம் உள்நோக்கி மெல்ல அழுத்தினால் அது இளகும். குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில், வயிறு தாயின் உடலோடு ஒட்டி, மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். வாயை அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, தாய் குனியாமல் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். சரியாகக் கவ்வினால் தாடை மார்பில் பதியும், கீழுதடு வெளியே மடியும், விழுங்குவது காதில் விழும். வலி நீடித்தால் பிடுங்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்து, மறுபடி கவ்வ வைக்கலாம். வெளியே வரும் காம்பு நசுங்கிச் சப்பையாக இருந்தால் கவ்வியது சரியில்லை.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யக் கூடாது. நாளுக்கு 8 முதல் 12 தடவை குடித்து, ஐந்தாம் நாளிலிருந்து 6 தடவையாவது சிறுநீர் கழித்து, மலம் மஞ்சளாக மாறினால் போதுகிறது. எடை முதலில் சற்று இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, குழந்தை குடிக்க எழாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிலருக்கு நிஜமாகவே சுரப்பு குறைவு. அவர்களைக் குற்றம் சொல்வது கொடுமை.

தாய்ப்பாலூட்டல் வெற்றிபெற உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த பத்துப் படிகளில் கடைசிப் படியே, டிஸ்சார்ஜுக்குப் பிறகும் உதவி தொடர வேண்டும் என்பதுதான். ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுப்பது அதற்கு ஈடாகாது. டிஸ்சார்ஜ் தாளில் மூன்று விவரங்கள் கட்டாயமாக இருக்கட்டும்: முழுதாகப் பால் கொடுப்பதைப் பார்த்த செவிலியரின் கையெழுத்து, அடுத்த மூன்று நாளுக்குள் குழந்தையை மறுபடி பார்க்கும் தேதி, நள்ளிரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்.

இப்படிக்கு,
தாய்–சேய் நலப் பணியிலுள்ள செவிலியர்கள்