ஏன் தோற்றாள் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்த 2025 மே மாதம் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். 2021 ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே பள்ளியின் விவாதக் குழுவில் பெயர் கொடுத்தவள், நாலு வருஷமும் அதை விடவில்லை. கோச்சுக்கும் குழுப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலத்தில் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது தமிழில் எழுதியாக வேண்டிய கடிதம். டாலஸுக்கு வடக்கே இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பல இந்த நாலு வருஷத்தில் எங்களுக்குத் தோள் கொடுத்தன. தவிர, மனசில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும்.

இந்தப் போட்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தீபாவளி, பொங்கல் காலையில் சாலமன் பாப்பையா பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவன் நான். மகள் விவாதத்தில் சேர்ந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். இது வேறு. அவள் எடுத்தது லிங்கன்-டக்ளஸ் என்ற வகை. 1858-ல் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் இலினாய் மாநிலத்தில் ஏழு ஊர்களில் நேருக்கு நேர் விவாதித்தார்களே, அதன் பெயர். ஒருவருக்கு ஒருவர். அணி கிடையாது, கைதட்டக் கூட்டமும் கிடையாது. ஒரு வகுப்பறை, இரண்டு பிள்ளைகள், ஒரு நடுவர், மேசை மேல் ஒரு டைமர். இரண்டு மாதத்துக்கு ஒரு தலைப்பு. அந்தத் தலைப்பில் இரண்டு பக்கமும் பேசத் தயாராக வேண்டும். காலை எட்டு மணிச் சுற்றில் 'ஆம்' என்று பேசியவள், பத்து மணிச் சுற்றில் அதே தலைப்பில் 'இல்லை' என்று பேசுவாள். சனிக்கிழமை ஒரு நாளில் நாலைந்து சுற்று. அதில் நன்றாகச் செய்தவர்கள் மட்டும் தோற்றால் வெளியேற வேண்டிய அடுத்த சுற்றுகளுக்குப் போவார்கள்.

முதல் நன்றி என் அப்பாவுக்கு. அவருக்கு இப்போது 81 வயது. திண்டுக்கல்லில் 31 வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவர். மகளுக்கு வந்த முதல் தலைப்பு, உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் மருந்துகளுக்கான காப்புரிமைப் பாதுகாப்பைக் குறைக்க வேண்டும் என்பது. கொரோனா தடுப்பூசி பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். பதினாலு வயசுப் பெண் இணையத்தில் கட்டுரை கட்டுரையாகப் படித்துக் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தாள். சரி, தாத்தாவிடம் கேள் என்று வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

1970-ல் இந்தியா கொண்டுவந்த காப்புரிமைச் சட்டத்தில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் என்பதில் ஆரம்பித்தார். அதனால்தான் வேறு முறையில் அதே மருந்தைச் செய்து மலிவாக விற்க நம் கம்பெனிகளால் முடிந்தது. 2005-ல் சட்டம் மாறி, மருந்துக்கே காப்புரிமை வந்தது. அப்புறம் ரத்தப் புற்றுநோய்க்கான க்ளிவெக் மாத்திரை வழக்கு. நோவார்டிஸ் கம்பெனியின் விண்ணப்பத்தை 2006-ல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 'அந்த மாத்திரை ஒரு மாசத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல கண்ணு. நம்ம கம்பெனி போட்டதுக்கு அதுல பத்துல ஒரு பங்குகூட ஆகாது. சீட்டை வாங்கிப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம திருப்பி மடிச்சு வச்சுக்கிட்டுப் போனவங்களை நான் பாத்திருக்கேன்' என்றார். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள், 'தாத்தா, நான் அடுத்த பக்கமும் பேசணும், பேடன்ட் வேணும்னு' என்று சொன்னபோது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். 'யோசிச்சுப் பாத்தேன். புது மருந்து கண்டுபிடிக்கிறவன் பத்து வருஷம் பணத்தைக் கொட்டுறான். அது தேறாமலும் போகலாம். போட்ட காசு திரும்பி வராதுன்னா எவன் கையைச் சுட்டுக்குவான்? இதை எழுதிக்கோ' என்றார். அவருடைய அந்த மூன்றாம் நாள் போனைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அப்பா, தனக்குப் பிடிக்காத பக்கத்துக்கும் நியாயமாக வாதம் தேட வேண்டும் என்பதை அவள் முதலில் உங்களிடம்தான் பார்த்தாள்.

அடுத்தது நடுவர்களுக்கு. பெரும்பாலும் முகம் தெரியாதவர்கள். முதல் வருஷம் பல போட்டிகள் இணையத்தில் நடந்ததால், சிலர் அவளுக்குத் திரையில் ஒரு சின்னச் சதுரமாக மட்டும்தான் தெரிந்திருப்பார்கள். சுற்று முடிந்ததும் நடுவர் ஒரு பேலட் எழுத வேண்டும். யார் ஜெயித்தார், ஒவ்வொருவருக்கும் எத்தனை பேச்சு மதிப்பெண், ஏன் இந்த முடிவு. முதல் இரண்டையும் போட்டுவிட்டு, 'நன்றாகப் பேசினீர்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து போகலாம். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அப்படிச் செய்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்படிச் செய்யாதவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

2022 ஜனவரி. தலைப்பு, விண்வெளியைத் தனியார் உரிமையாக்கிக்கொள்வது நியாயமற்றது என்பது. மகள் 'ஆம்' பக்கம். இந்த வகையில் 'ஆம்' பக்கத்துக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு. எதிராளி ஏழு நிமிஷம் பேசுவார், அதற்கெல்லாம் நாலு நிமிஷத்தில் பதில் சொல்லியாக வேண்டும். மூச்சு முட்டும். அன்றைக்குத் தோற்றாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடவும் வரவில்லை. அந்தச் சுற்றின் பேலட் ராத்திரி வந்தது. பதினாலு வரி. அதில் இருந்தது ஏறக்குறைய இதுதான்: 'விண்குப்பை பற்றிய உன் இரண்டாவது வாதத்துக்கு எதிர்த்தரப்பு பதிலே சொல்லவில்லை. ஆனால் நீயும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. நீ கைவிட்ட வாதத்துக்காக நான் உனக்கு ஓட்டுப் போட முடியாது. கடைசிப் பேச்சில் ஒரே ஒரு வரியில் அதை ஞாபகப்படுத்தியிருந்தால் இந்தச் சுற்று உன்னுடையது.'

விவாதத்தில் ஒரு வழக்கம். பதில் வராத வாதம் ஒப்புக்கொள்ளப்பட்ட வாதம். ஆனால் அதைச் சொன்னவரே கடைசிவரை தூக்கிக்கொண்டு போக வேண்டும், நடுவர் தூக்கித் தர மாட்டார். கோச் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பதினாலு வரியில்தான் அது அவளுக்குள் இறங்கியது. ஒரு மஞ்சள் சீட்டில் 'விண்குப்பை' என்று மட்டும் எழுதி லேப்டாப்பின் ஓரத்தில் ஒட்டிவைத்தாள். தலைப்பு எத்தனையோ மாறியது, சீட்டு கடைசிவரை அங்கேயே இருந்தது. அந்த நடுவரின் பெயரைத் தவிர வேறெதுவும் எங்களுக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள்.

எல்லாப் பேலட்டும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு போட்டியில் ஒருவர், 'பெண் பிள்ளை இவ்வளவு வேகம் காட்டக் கூடாது, கொஞ்சம் சிரித்த முகமாக இரு' என்று எழுதியிருந்தார். வாதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதே சுற்றில் அவளைவிடச் சத்தமாகப் பேசிய பையனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நான் கொதித்துப்போனேன். கோச் அந்தப் பேலட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போட்டி நடத்துபவர்களிடம் போனார். திரும்பி வந்து மகளிடம், 'உன் வேகத்தில் தப்பில்லை. இந்தத் தாளிலிருந்து நீ கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, கிழித்துப் போடு' என்றார். வாரம் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு, சனிக்கிழமை விடியுமுன் ஐந்தே முக்காலுக்குப் பள்ளி வாசலில் பஸ்ஸோடு நிற்கும் மனிதர் அவர். நன்றி சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கடிதம் போதாது. ஆங்கிலக் கடிதத்தில் நாலு பக்கம் எழுதியும் போதவில்லை.

இன்னொரு நன்றி, அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த ஒரு பையனுக்கு. ஒவ்வொரு பள்ளியும் அனுப்பும் பிள்ளைகளின் கணக்குக்கு ஏற்ப நடுவர்களையும் அனுப்ப வேண்டும். ஆள் இல்லையென்றால் பிள்ளைகளின் பெயரையே எடுக்க வேண்டி வரும். அப்படித்தான் 2022-ல் நானும் நடுவர் ஆனேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன் நான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு நான் எப்படித் தீர்ப்பு சொல்வது என்று உள்ளுக்குள் நடுக்கம். அந்தப் பையன் பள்ளி கேன்டீன் மேசையில் என்னை உட்கார வைத்து, ஒரு மஞ்சள் தாளை எடுத்து நாலு கோடு போட்டு ஐந்து பத்தியாகப் பிரித்தான். மொத்தம் ஐந்து பேச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஒருவருக்கு நீலப் பேனா, மற்றவருக்குச் சிவப்பு. ஒரு வாதத்துக்குப் பதில் வந்தால் நேராக அம்புக்குறி. 'அம்புக்குறி இல்லாமல் இடம் காலியாக இருந்தால் பதில் வரவில்லை என்று அர்த்தம், அங்கிள். அவர்கள் சொல்லாததை நீங்கள் மனசுக்குள் சேர்த்துக்கொள்ளாதீர்கள். ஆங்கிலம் உங்களுக்குத் தாராளமாகப் போதும், காது கொடுத்தால் சரி' என்றான். கணக்கு எழுதுகிற வேலை என்னுடையது. பத்தி பிரித்த தாளைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

அன்றைக்கு என் முதல் பேலட்டை எழுத நாற்பது நிமிஷம் ஆனது. எல்லோரும் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது. முடிவுகளைத் தொகுக்கும் அட்டவணை அறையில் இருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, முடிவை மட்டும் முதலில் அனுப்புங்கள், காரணத்தை நிதானமாக அப்புறம் எழுதலாம், ஆனால் எழுதாமல் விட்டுவிடாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு 60-க்கும் மேற்பட்ட சுற்றுகளுக்கு நடுவராக இருந்துவிட்டேன். தோற்ற பிள்ளைக்கு எழுதும் பேலட்டைத்தான் எப்போதும் முதலில் எழுதுவேன்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வருகிறேன். நான் நைட் ஷிப்டில் இருந்த ஏழெட்டு மாதம் மகளை அழைத்துப் போய்க் கொண்டுவந்து விட்ட இரண்டு வீட்டார். ஹூஸ்டன் போட்டியின்போது நாலு பிள்ளைகளுக்குப் படுக்கை போட்டு, காலையில் சுடச்சுடப் பொங்கலும் கொடுத்து அனுப்பிய அக்கா. எலுமிச்சை சாதத்தைத் தனித்தனி டப்பாவில் கட்டி, எங்கள் குழுவில் இருந்த எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தவர்கள். உங்கள் பெயரை எல்லாம் எழுத வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை போட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு, பாதி நாள் தூங்கி வழிந்துகொண்டுதான் வந்தாள். நீங்கள் ஒருநாளும் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தி, நேற்றைய வாதத்தைத் தமிழில் சொல்லு என்று கேட்டீர்களாம். 'காப்புரிமை' என்ற சொல் அன்றைக்குத்தான் அவளுக்குக் கிடைத்தது.

கோப்பை ஏதாவது வாங்கினாளா என்று கேட்பவர்களுக்கு: சின்னதாக மூன்று. தேசியப் போட்டிக்குப் போக மாவட்டச் சுற்றில் ஒரு இடம் குறைந்தது. அழுதாள், நானும் கூட இருந்தேன். இந்தப் போட்டிகளை நடத்தும் தேசியப் பேச்சு மற்றும் விவாதச் சங்கம் 1925-ல் விஸ்கான்சினில் ரிப்பன் கல்லூரியில் தொடங்கியது. சரியாக 2025-ல் அதற்கு நூறு. அவர்கள் கணக்கில் ஒரு விவாதச் சுற்றில் ஜெயித்தால் 6 புள்ளி, தோற்றால் 3 புள்ளி. தோற்றதற்கு எதற்குப் புள்ளி என்று முதல் வருஷம் நான் கேட்டேன். இப்போது கேட்க மாட்டேன். அவள் சேர்த்த புள்ளிகளில் நல்ல பங்கு அந்த மூன்று மூன்றாக வந்ததுதான்.

ஒரு விஷயம் பாக்கி. முதல் நேரடிப் போட்டிக்கு அவளிடம் கோட் இல்லை. மூத்த மாணவி ஒருத்தியின் அம்மா கருநீல ப்ளேசர் ஒன்றைக் கொடுத்து, போதும்வரை போட்டுக்கொள், அப்புறம் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடு என்றார்கள். கை கொஞ்சம் நீளமாக இருந்ததை மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். இப்போது தையலைப் பிரித்து, சலவைக்குக் கொடுத்து வாங்கி அலமாரியில் மாட்டியிருக்கிறேன். ஆகஸ்டில் சேரும் பிள்ளைகளில் யாருக்கு வேண்டுமோ சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன். உள்பையில் ஒரு நீலப் பேனாவும் ஒரு சிவப்புப் பேனாவும் இருக்கும். அவை அவள் வைத்தது.

அன்புடன்,
விவாதக் குழுவில் ஒரு அப்பா