குட்டி வந்த வீட்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி இரண்டே வரி, மிச்சமெல்லாம் நாய்க்குட்டி! இங்கே எல்லோரும் நலம். மருத்துவர் எவ்வளவோ சொல்லியும் நடக்காத நான் இப்போது தினமும் காலையில் நடக்கிறேன். என் நாய் கருப்பன் வாசலில் வந்து நின்று பார்க்கும் பார்வைக்குத் தப்ப முடியாது.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். வீட்டுக்குள் மூத்திரம் போனால் மூக்கை அதில் தேய்க்கச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்களாமே, தயவுசெய்து செய்யாதே. செய்த காரியத்துக்கும் கிடைத்த தண்டனைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் போய்விட்டால் குட்டிக்கு இரண்டையும் முடிச்சுப் போடத் தெரியாது. அதற்குப் புரிவதெல்லாம், இந்த ஆள் எதிரில் போனால் ஆபத்து என்பதுதான். அப்புறம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து மூத்திரம் போய்விட்டு வரும். வெளியே கூட்டிப் போனாலும் உன் கண்முன்னால் போகாது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போ. போய் முடித்த உடனே, அங்கேயே நின்று, ஒரு துண்டு தீனி கொடு. உள்ளே வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் கூலி என்று நினைத்துக்கொள்ளும்.

கடிக்கிறது என்கிறாய். பால்பற்கள் 28, ஒவ்வொன்றும் ஊசி. நாலாம் மாதவாக்கில் விழ ஆரம்பித்து, ஏழாம் மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். அதுவரை எதையாவது மென்றுகொண்டுதான் இருக்கும், எதை மெல்லலாம் என்பதை நீயே எடுத்துக் கொடு. கையைக் கடித்தால் கத்தாதே, அடிக்காதே. விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடு. கூடப் பிறந்த குட்டிகளும் வலித்தால் அப்படித்தான் விலகும். சாயங்காலமானால் தலைகால் தெரியாமல் ஓடுகிறது என்று எழுதியிருந்தாயே, பெரும்பாலும் அது தூக்கம் போதாமல்தான். இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம்கூடத் தூங்கும்.

இதெல்லாம் தானாகவே பாதி சரியாகிவிடும். நீ கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினாலாவது வாரம்வரை குட்டி எதைப் பழகுகிறதோ அதைக் கண்டு பின்னாளில் பெரும்பாலும் பயப்படாது. மனிதர்களையே பார்க்காமல் குட்டிகளை வளர்த்துப் பார்த்த சோதனை ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 1961-ல் வெளியிட்டார்கள். பதினாலு வாரம் ஆளைக் காணாமல் வளர்ந்தவை அதன் பிறகு மனிதரோடு ஒட்டவே இல்லை. உன் குட்டிக்கு மிச்சம் இருப்பது சில வாரங்கள்தான். தடுப்பூசி முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அந்தக் காலம் போய்விடும். அதற்காகத் தெருநாய்கள் நடமாடும் தரையில் இறக்கியும் விடாதே, குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு போ. குடை, ஹெல்மெட், தாடி, ஊன்றுகோல், மோட்டார் சத்தம், ஓடுகிற குழந்தைகள் என்று எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டு, பக்கத்தில் இரு, தீனி கொடு. மிரண்டால் இன்னும் கொஞ்சம் தள்ளி நில். ‘பழகட்டும்’ என்று அருகே இழுத்துப் போவதுதான் பெரிய தப்பு.

ஆறு, எட்டு மாதத்தில் இன்னொரு கூத்து இருக்கிறது. கூப்பிட்டதும் ஓடி வந்த குட்டி காதே கேட்காததுபோல் நிற்கும். பலர் அப்போதுதான் மனம் தளர்ந்து போகிறார்கள். விடலைப் பருவம், கடந்து போகும். நீளமான கயிற்றில் கட்டி, முதல் பாடத்திலிருந்து பொறுமையாகத் திரும்பச் சொல்லிக்கொடு. ஒன்று மட்டும் மறக்காதே: எவ்வளவு தாமதமாக வந்தாலும் ‘வா’ என்று கூப்பிட்டு வந்த நாயைத் திட்டக் கூடாது. குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ வேண்டுமானால் நீயே எழுந்து போய்ப் பிடி.

அடுத்த மாதம் அங்கே வரலாம் என்றிருக்கிறேன். வருகிறவர்கள் மேல் தாவினால் கொஞ்ச வேண்டாம், நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சினால் போதும் என்று மகளிடம் சொல். மூன்று கிலோவில் சிரித்துவிடலாம், முப்பது கிலோவானால் என் முட்டி தாங்காது. மற்றவை நேரில்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்