காத்து நின்னுபோன சாயங்காலம்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். சின்னப் பாய்மரப் படகு வச்சிருக்கவங்க ஞாபகங்களப் படிச்சதும் எனக்கும் எழுதத் தோணுச்சு. ஜோஷுவா ஸ்லோகம்னு ஒரு மாலுமி 1895-ல பாய்மரப் படகுல தனியா கெளம்பி 1898-ல உலகத்தயே சுத்திட்டு வந்தாரு, நம்மளுது 16 அடி, எஞ்சின்கூட கெடயாது. எதிர்காத்துல நேரா போக முடியாது, 45 டிகிரி வாக்குல வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறணும், திரும்பறப்ப குனிய மறந்து, பாயோட அடியில இருக்க கட்டை வீசி வந்து நெத்தியில அடிச்சது தனிக்கதை. ஆனா மனசுல நிக்கிறது வேற சார், ஒரு சாயங்காலம் காத்து சுத்தமா நின்னு பாய் துவண்டு தொங்குது, நானும் பொண்ணும் ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தோம், படகுக்கு அடியில தண்ணி தட்டுற சத்தம் மட்டும்தான். திடீர்னு தூரத்துல தண்ணி மேல கருப்பா ஒரு சுருக்கம், "அப்பா, காத்து வருதுப்பா"ன்னு அவதான் மொதல்ல பாத்தா, சுக்கானையும் அவகிட்டயே குடுத்துட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்