மாப்ள, போட்டி எல்லாம் வேண்டாம்டா

மாப்ள,

எப்படி இருக்க? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு ஒல்லி சொன்னான், சந்தோஷம். இங்க எல்லாரும் சௌக்கியம். ஊர்க்கதை அப்புறம், மொதல்ல உன் மெசேஜ்.

பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்சதை யூனிகோடுக்கு மாத்துற உன் பாமினி கன்வர்ட்டருக்கு ஆள் சேர்க்க, நாலு பேட்ச் (கோட்ல திருத்தம்) அனுப்பினா டீ-ஷர்ட்னு போட்டி வைக்கப்போறேன்னியே, வேண்டாம்டா. ஓப்பன் சோர்ஸுக்கு ஆள் இழுக்க அக்டோபர்ல நடத்துற ஹேக்டோபர்ஃபெஸ்ட்ல 2020ல என்ன ஆச்சு? நாலு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ('என் திருத்தத்தைச் சேர்த்துக்கோ'ங்கிற கோரிக்கைக்கு) டீ-ஷர்ட்னு சொன்னதும் ரீட்மீங்கிற அறிமுக ஃபைல்ல ஒரு வார்த்தையைச் சேர்த்து, ஒரு கமாவ எடுத்து, கண்ட ப்ராஜெக்ட்லயும் கொண்டுவந்து கொட்டினாங்க, நம்ம ஊர்ப் பசங்களும் அதுல நிறைய, ராத்திரி முழிச்சு சம்பளம் இல்லாம ப்ராஜெக்ட்டைப் பாத்துக்கிற மெயின்டெய்னருங்கதான் உக்காந்து அதை ஒவ்வொண்ணா மூடினாங்க. கடைசில, சம்மதிச்ச ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்தான் கணக்குன்னு நடுவுலயே ரூலை மாத்த வேண்டியதாச்சு. பசங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். டீ-ஷர்ட் தரேன்னு கூப்பிட்டா டீ-ஷர்ட்டுக்குத்தான் வருவான், வாங்கிட்டுப் போயிடுவான்.

ஆனா மாப்ள, என்னைத் தூங்க விடாதது உன் கடைசி வரி. "யாராச்சும் எடுத்துக்கிட்டா மொத்தமா குடுத்துட்டுப் போயிடுவேன்"னு எழுதியிருக்க. எக்ஸ்இசட் கதை இப்படித்தானடா ஆரம்பிச்சுது! லாஸ்ஸே காலின் ஒத்த ஆளா வருஷக்கணக்கா பாத்துக்கிட்ட சின்ன கம்ப்ரஷன் டூல், லினக்ஸ் இருக்கிற முக்காவாசி இடத்துல அதுவும் இருக்கு. 2022ல ஏன் இவ்வளவு ஸ்லோ, வேற ஆள்கிட்ட குடுன்னு முகம் தெரியாத ஆளுங்க மெயில் போட்டு நச்சரிச்சாங்க, மனசு ரொம்ப நாளா சரியில்லை, இது சம்பளமில்லாத ஹாபின்னு அவர் சொல்லியும் விடல. உதவிக்குன்னு 'ஜியா டான்'ங்கிற பேர்ல வந்த ஆள் நல்ல பேட்சா அனுப்பி நம்பிக்கை சம்பாதிச்சு, 2024ல பேக்டோரை, அதாவது திருட்டு வாசலை, உள்ள வச்சுது. தூரத்து சர்வருக்குள்ள நுழையுற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்ங்கிற இன்ஜினியர் நோண்டிப் பாக்கலன்னா உலகமே மாட்டியிருக்கும். எல்லாரும் செக்யூரிட்டின்னு பேசினாங்க. எனக்குத் தெரிஞ்சது, அந்த மனுஷனுக்குப் பக்கத்துல ஒருத்தரும் இல்லைங்கிறதுதான்.

உன் டூல் சின்னதுதான். ஆனா எத்தனை பழைய பத்திரிகை ஃபைலு, எத்தனை டிடிபி கடை அதை நம்பியிருக்குன்னு உனக்கே தெரியும்.

ஒகரத்துல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு போற அந்தப் பழைய கோளாறை ஒரு காலேஜ் பொண்ணு சரி பண்ணி, டெஸ்ட்டும் எழுதி அனுப்பியிருக்கு, பாத்தியா? எவ்வளவு நாளா ஒரு ரிப்ளைகூட இல்லாம கிடக்குது! அவதான்டா உன் கம்யூனிட்டி. முழுசா பாக்க நேரமில்லன்னாலும் "பாத்தேன், அருமை, சனிக்கிழமை ரிவ்யூ பண்றேன்"னு ரெண்டு வரி போடு. அதை மெர்ஜ் பண்ணிச் சேர்க்கும்போது ரிலீஸ் நோட்ல பேரைப் போடு. அடுத்த தடவை யாராச்சும் பேட்ச் அனுப்பினா அவளையே ரிவ்யூ பண்ணச் சொல்லு, வேலையோட அதிகாரத்தையும் குடு. அப்படித்தான் ஆள் நிப்பாங்க. ஆனா புது வெர்ஷனை வெளியிடுற ரிலீஸ் சாவியை மட்டும் ஒருத்தர்கிட்ட மொத்தமா தூக்கிக் குடுக்காத, மூணு பேர் கையில இருக்கட்டும்.

அப்புறம், சரி பண்ண வேண்டிய எல்லா இஷ்யூவும் உன் மண்டைக்குள்ளயே இருந்தா வர்றவன் எங்க கை வைப்பான்? புதுசா வர்றவங்களுக்கு ஏத்த சின்ன வேலையா அஞ்சாறு பிரிச்சு, எந்த ஃபைல், எப்படி டெஸ்ட் பண்றதுன்னு எழுதிப் போடணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானும் ஒல்லியும் ஃபோன் கால்ல வர்றோம், நீ வாயால சொல்லு, நாங்க டைப் பண்றோம். லேப்டாப் சார்ஜர் இல்லன்னு பழைய கதை விடாத, என்ன!

அன்புடன்,
உன் ரூம்மேட்