மகனுக்கு, அப்பாவைப் பற்றி

அன்பு மகன் கணபதிக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் உன் அப்பாவைப் பற்றி அப்படி எழுத மனம் வரவில்லை. பிச்சையா மாமா போனதிலிருந்து அவர் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவதில்லை. ஆனித் தேருக்கு வடம் தொடாத ஆண்டு அவருக்கு உண்டா? இந்த ஆண்டு வீட்டை விட்டே இறங்கவில்லை. காது மந்தமாகிவிட்டதால், பிறர் பேசுவது புரியாமல் சிரித்து வைப்பதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று நினைக்கிறார் போலும்.

மாத்திரையில் மாற்றமில்லை, உப்பையும் குறைத்துவிட்டேன். ஆயினும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை. மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயா நாள் முழுவதும் யாரிடம் பேசுகிறார்?" என்றார். பேச ஆளின்றி நெடுநாள் இருந்தால் உடல் ஓயாத பதற்றத்திலேயே இருக்கும் என்றும், அதனால் உறக்கம் கெட்டு, அழுத்தம் ஏறி, மாரடைப்பு, பக்கவாதம் வரை கொண்டுபோகும் என்றும் சொன்னார். லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024இல், நாம் மாற்றக்கூடியவை என்று வகுத்த மறதிநோய்க்கான 14 காரணிகளில் கேளாமையும் உண்டு, முதுமையில் ஒதுங்கிப்போவதும் உண்டு. இவரிடம் இரண்டும் இருக்கின்றன. அதைப் படித்ததிலிருந்து, அவர் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடினாலும் எனக்குப் பதறுகிறது.

நான் உடனிருக்க என்ன தனிமை என்று நீ கேட்கலாம். வீட்டில் ஆள் இருப்பது வேறு, தன்னைத் தேடி ஒருவர் வருவது வேறு, கணபதி.

நீ ஞாயிறுதோறும் தவறாமல் பேசுகிறாய், கேளாமலே பணம் அனுப்புகிறாய். உன்னைப் பற்றி நான் பெருமை சொல்லாத வீடு தெருவில் இல்லை. ஆனால் பேச்செல்லாம் என்னோடுதான். "அப்பா நன்றாக இருக்கிறார்களா" என்ற ஒரு கேள்வியோடு அவரை முடித்துவிடுகிறாய். பாளையங்கோட்டை வீட்டைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

காதுக் கருவி வாங்கிக்கொள்ளும்படி நீ சொல். நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் மறுக்கமாட்டார். வாயசைவு தெரியும்படி வீடியோவில் நிதானமாகப் பேசு. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்காதே. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று கேள். பார்த்துச் சொல்வதற்காகவாவது படித்துறைக்குப் போவார், அங்கே நாலு பேர் இருப்பார்கள்.

இந்த ஞாயிறு என் எண்ணுக்கு அழைக்காதே, அவர் எண்ணுக்கு அழை. எடுக்காவிட்டால் மறுபடியும் அழை. காது கேட்டிருக்காது, வேறு காரணம் எதுவும் இல்லை.

அம்மா