நாலாவது ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகள் தினமும் நடக்க வேண்டும் என்று சில வாரங்களுக்கு முன்பு உங்கள் நாளிதழில் ஒரு மருத்துவக் கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான், அதில் ஒரு வரியைக்கூட நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் கிருஷ்ணகிரியில் பதினெட்டு வருடமாக என் வீட்டுக்காரரோடு சேர்ந்து மருந்துக் கடை நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நடக்கச் சொல்லாத டாக்டரே இந்த ஊரில் இல்லை, ஆனால் சீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் கடைப் படி ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நடப்பதில்லை. "வாக்கிங் போறீங்களாண்ணா?" என்று கேட்டால் "நாளையிலிருந்து போகணும்மா" என்பார்கள். ஒருவருக்கு அந்த நாளை பல வருடமாக வரவே இல்லை. அவருடைய சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் மட்டும் 500-லிருந்து 1000-க்கு ஏறிவிட்டது.

அடுத்தவரைச் சொல்வானேன், நானும் அந்தப் பாதிப் பேரில்தான் இருந்தேன். நாற்பத்தாறு வயதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 காட்டியது. மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் பார்ப்போம், நடங்கள் என்றார் டாக்டர். மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிதாக எட்டு வரைந்து நடந்தேன். எட்டே நாள்! ஒன்பதாவது நாள் மழை வந்து எட்டை அழித்துவிட்டது, நானும் திரும்ப வரையவில்லை. நான் நடந்தாலும் யாருக்கும் தெரியாது, நடக்காவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை, அதில்தான் எல்லாம் கெட்டது.

அப்புறம்தான் ஷட்டில், அதாவது பேட்மிண்டன், வந்தது. நானாகத் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் காலேஜ் லீவில் வந்திருந்தாள், ஒரு நாள் காலையில் கேட்டைத் தட்டி, "அத்தை, ஒரு ஆள் குறையுது, சும்மா வந்து நில்லுங்க, போதும்" என்றாள். சும்மா நிற்கப் போனவள்தான், இப்போது இரண்டரை வருடம் ஆகிறது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை இருக்கிறது. மனைக்காரர் பெங்களூரில் இருக்கிறார், போனில் கேட்டதற்கு முள்செடியை வெட்டிச் சுத்தமாக வைத்துக்கொண்டால் சரி என்றுவிட்டார். ஒரு பக்கம் வேப்பமரம், மறுபக்கம் சிமென்ட் போட்டு ஊன்றிய இரும்புக் குழாய், நடுவில் நெட். வேடிக்கை என்னவென்றால், முழு கோர்ட் என்பது 44 அடி நீளம், 20 அடி அகலம், ஆனால் நம் பக்கத்து மனையெல்லாம் முப்பதுக்கு நாற்பது. ஆக நாலடி இடிக்கிறது. அதனால் ஒரு பக்கத்துக் கடைசிக் கோடு தெருவில் இருக்கிறது, பால்காரர் வண்டி வந்தால் ஆட்டம் நிற்கும். கோடு போடுவது கோலமாவில். சர்வ் கோடு வளைந்திருப்பதாக ஒரு நாள் சண்டை வந்தது, அதற்கப்புறம் கொத்தனார் நூல் பிடித்துப் போடுகிறோம். நெட்டின் நடுவில் உயரம் சரியாக ஐந்தடி இருக்க வேண்டும், எங்களுடையது தொய்ந்து தொய்ந்து நாலே முக்காலில் நிற்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.

ஆடுகிறவர்கள் யார் என்றால், ரிட்டையர்டு கணக்கு வாத்தியார் ஒருவர், மாங்காய் மண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், எதிர்வீட்டு அக்கா, நான். காலேஜ் பெண் லீவுக்கு வந்தால் ஐந்து. எதிர்வீட்டு அக்காவுக்கு வீட்டு பாஷை தெலுங்கு. பத்து வரைக்கும் தமிழில் எண்ணுகிறவர் பதினொன்று வந்ததும் ஆவேசத்தில் "பதகொண்டு" என்று கத்துவார். நான் மறுபக்கம் நின்றாலும் சிரித்து சர்வீஸைக் கோட்டை விட்டுவிடுவேன்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் உடம்புக்கு அல்ல, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டபுள்ஸுக்கு நாலு பேர் வேண்டும். காலை ஐந்தே முக்காலுக்கு மூன்று பேர் நெட்டைக் கட்டிவிட்டு நிற்கும்போது நாலாவது ஆள் போர்வைக்குள் படுத்திருக்க முடியாது. ஐந்து ஐம்பதுக்கு வாத்தியாரிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அண்ணன் வாசலிலேயே வந்து ஹாரன் அடிப்பார். கடன்காரனைப்போலத் துரத்தினால்தான் என் மாதிரி சோம்பேறிக்கு உடற்பயிற்சி நடக்கும். நடைப்பயிற்சியில் இந்தத் துரத்தல் கிடையாது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் எண்ணாயிரத்துச் சொச்சம் பேரைச் சுமார் இருபத்தைந்து வருடம் கவனித்து 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்களாம், காலேஜ் பெண்தான் போனில் காட்டினாள். உடற்பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் மெதுவோட்டம் ஓடியவர்கள் 3.2 வருடம், நீந்தியவர்கள் 3.4 வருடம், பேட்மிண்டன் ஆடியவர்கள் 6.2 வருடம் கூடுதலாக வாழ்ந்ததாகக் கணக்கு வந்திருக்கிறது. டென்னிஸுக்கு 9.7. நாலு பேரோடு சேர்ந்து ஆடும் ஆட்டங்கள்தான் மேலே நிற்கின்றன என்பதை அந்த ஆய்வாளர்களே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஷட்டில் ஆடினால் ஆறு வருடம் ஆயுள் போனஸ் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மட்டை பிடித்து ஆட நேரமும் காசும் உள்ளவர்கள் முதலிலேயே கொஞ்சம் வசதியாக, ஆரோக்கியமாக இருந்திருக்கலாம், ஆய்வில் அந்தச் சிக்கல் உண்டு. வாத்தியார் இதைக் கேட்டுவிட்டு, "ஆறு வருஷம் கூட இருந்தா பென்ஷன் லாபம்தானே" என்றார்.

உடம்புக் கணக்கும் சொல்கிறேன். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் வாரம் நாலு நாள், நாற்பது நிமிடம் ஆடுகிறோம், 160 ஆகிவிட்டது. ஓடுகிற மாதிரியே தெரியாது, அதுதான் இதில் உள்ள சூது. ஐந்தாறு வினாடி ஓடுகிறோம், ஷட்டில் காக் விழுகிறது, குனிந்து எடுக்கிறோம், மூச்சு வாங்குகிறோம், திரும்ப ஓடுகிறோம். எனக்குச் சர்க்கரை இறங்கியது, இன்றுவரை மாத்திரைக்குப் போகவில்லை. ஆனால் அதே சமயத்தில் ராத்திரிச் சோற்றை விட்டு ராகிக்களிக்கு மாறி, அளவையும் பாதியாக்கினேன், அதனால் எல்லாப் பெருமையையும் ஷட்டிலுக்குக் கொடுக்க முடியாது. தூக்கம் வந்தது மட்டும் நிச்சயமாக ஷட்டிலால்தான். நாள் முழுக்கக் கல்லாவில் குனிந்து மருந்து அட்டையில் எக்ஸ்பயரி தேதி தேடுகிறவளுக்குக் காலையில் கொஞ்ச நேரம் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்ப்பதே பெரிய விஷயம்.

"எனக்கு வராதும்மா, நான் குள்ளம்" என்று கடைக்கு வரும் ஒரு பெண் சொன்னாள். நம் மாவட்டத்து ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன், உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்ஹெச்6 பிரிவில் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார் என்று சொன்னேன். அதே போட்டியில் இன்னொரு பிரிவில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம். மூன்று பேரும் தமிழ்நாட்டுப் பெண்கள், மூன்றும் பேட்மிண்டன் பதக்கம். அவர்கள் அளவுக்கு நாம் ஆடப் போவதில்லைதான், ஆனால் அதற்கப்புறம் குள்ளம் என்பதைச் சாக்காகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இந்த ஆட்டத்தில் இன்னொரு கருணை உண்டு. நம் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் 2023-ல் ஓங்கி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் ஏறியிருக்கிறது. ஆனால் ஐந்து கிராம் எடையும் விரிந்த பாவாடையும் உள்ள அந்த ஷட்டில் காக்கைக் காற்று பிடித்து இழுப்பதால் கொஞ்ச தூரத்திலேயே வேகம் செத்துவிடும். அதனால்தான் அறுபத்து நாலு வயது வாத்தியாரும் பத்தொன்பது வயதுப் பெண்ணும் ஒரே கோர்ட்டில் ஆட முடிகிறது. கிரிக்கெட் பந்தில் இது நடக்குமா?

செலவு பயப்படுகிற அளவுக்கு இல்லை. வெட்டவெளியில் இறகுக் காக் வாங்காதீர்கள், வீண். பதினாறு இறகில் ஒன்று ஒடிந்தாலும் தட்டாமாலை சுற்றும். நைலான் காக் போதும், நாலு பேர் பங்கு போட்டால் ஒரு வேளை டீச் செலவுதான் வருகிறது.

இப்போது மருந்துக்கடைக்காரியாகச் சில வார்த்தை. நான் முதல் வாரம் வீட்டில் போடும் செருப்போடு ஆடி, ஆடுசதை பிடித்து ஆறு நாள் நொண்டினேன், என் கடை ஸ்பிரேயை நானே காசு கொடுத்து வாங்கினேன். ஜாகிங் ஷூவும் சரியில்லை, குதிகால் உயரமாக இருப்பதால் பக்கவாட்டில் ஓடும்போது கணுக்கால் பிரளும், தட்டையான அடி உள்ள ஷூதான் வேண்டும். ஆடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் கை காலை உதறிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் இறங்காதீர்கள், சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும், பாக்கெட்டில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் வைத்திருங்கள். நெஞ்சுவலி வந்தவர்கள், பிரஷர் கட்டுப்படாதவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மட்டையைத் தொடவே வேண்டாம். நின்று நின்று திடீரென்று பாய்கிற ஆட்டம் இது, நடை மாதிரி சாது இல்லை.

அப்புறம் ஒரு சின்னக் குறை, உங்கள் மேல்தான், கோபித்துக்கொள்ளக் கூடாது. இறகுப்பந்துப் போட்டிச் செய்திக்குச் சில நேரம் 'பூப்பந்து' என்று தலைப்புப் போடுகிறீர்கள். பூப்பந்து வேறு, அது கம்பளி நூல் பந்தில் பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவது, தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம். நான் பள்ளிக்கூடத்தில் தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு ஆடியது அதைத்தான். கல்யாணத்தோடு போச்சு. இருபத்தைந்து வருடம் கழித்து மட்டையைப் பிடித்தபோது கை மறக்கவில்லை, மூச்சுதான் மறந்திருந்தது.

பெண்கள் விஷயத்தில் ஒன்று. சுடிதாரில் தெருக்கோடியில் குதித்தபோது முதல் மாதம் ஜன்னலெல்லாம் திறந்தது. "இந்த வயசுல இது தேவையா?" என்று காதில் விழும்படியே பேசினார்கள். இப்போது அதே வீட்டு அம்மா எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் வைக்கிறார். ஆடத்தான் இன்னும் வரவில்லை, பார்ப்போம்.

எங்களுக்குக் காலி மனை கிடைத்தது அதிர்ஷ்டம். நாளைக்கே மனைக்காரர் கடைக்கால் தோண்டினால் போச்சு. உள்ளரங்குக் கோர்ட்டுக்கு மணிக்கணக்கில் வாடகை, எதிர்வீட்டு அக்கா மாதிரி தையல் காசில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. நகரங்களில் புதிதாகப் பூங்கா போடும்போதெல்லாம் எட்டு போடும் நடைபாதை போடுகிறார்கள், இரும்பில் உடற்பயிற்சிச் சாமான் வைக்கிறார்கள், நல்லது. அதன் ஓரத்திலேயே இரண்டு குழாய் ஊன்றி, கோடு போட்டு, ஒரு விளக்கு மாட்டினால் என்ன? நெட்டும் காக்கும் நாங்களே கொண்டுவருகிறோம். அரசுப் பள்ளி மைதானங்களைக் காலை ஒரு மணி நேரம் ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடலாம், சாவிக்கு யார் பொறுப்பு என்பதுதான் தடை என்றால் அதற்கு எங்கள் வாத்தியார் மாதிரி ரிட்டையர்டு ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பொதுமக்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது, அந்தப் பொதுமக்கள் எங்கே பழகுவார்கள் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும்.

இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்ததற்குக் காரணம், மாங்காய் சீசன் தொடங்கியதிலிருந்து எங்கள் ஆட்டம் சரியாக நடப்பதில்லை. மண்டிக்கார அண்ணன் விடிவதற்குள் லோடு இறக்கப் போய்விடுகிறார். மூன்று பேர் ஆடுவதும் ஆட்டமா? பெங்களூரா ரக மாங்காய் வரத்து ஓய்ந்து அவர் திரும்பி வரும்போது ஆடி பிறந்துவிடும், அந்தக் காற்றில் சையத் பாஷா மலைப் பக்கம் அடித்த காக் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் இந்த இரண்டு மாதத்துக்கு ஒரு ஆள் தேடுகிறோம். கடைக்கு வரும் அந்த 'நாளையிலிருந்து' அண்ணனையே கேட்டிருக்கிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்கு அவர் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடிப்பதாக ஏற்பாடு.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரி,
கிருஷ்ணகிரி