கட்டியவர்கள் மனிதர்கள் என்று அதே மேடையில் சொல்லுங்கள்

பெங்களூரில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தும் அமைப்பின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற மாதச் சிறப்பு நிகழ்ச்சியில் உலக அதிசயங்களைப் பற்றிப் பேச வந்தவர் என்ன சொன்னார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் முன்வரிசையில்தான் இருந்தீர்கள். பிரமிடு வேற்றுக்கிரகவாசிகளின் வேலை, தஞ்சைப் பெரிய கோயில் ஏதோ மறைந்துபோன சக்தியால் எழும்பியது, மனிதக் கையால் ஆகிற காரியமா இதெல்லாம் என்று அவர் கேட்டார். அரங்கமே கைதட்டியது. மறுநாளே பெற்றோர் குழுவில் எழுதினேன். அப்புறம் உங்களில் சிலரிடம் நேரிலும் பேசினேன். "பிள்ளைகளுக்குச் சுவாரசியமாக இருக்கட்டும் என்று சொன்னது, விடுங்கம்மா" என்றீர்கள். என்னால் விட முடியவில்லை.

கேள்வி நேரத்தில் எழுந்து, "எங்க தாத்தா உளி வெச்சே பெரிய பாறையெல்லாம் பொளப்பாரு" என்று சொன்னவள் என் மகள். "அப்போ உங்க தாத்தாவை எகிப்துக்கு அனுப்பிடலாமா?" என்று பேச்சாளர் கேட்டதும் பிள்ளைகளும் பெரியவர்களும் சிரித்தார்கள். அந்தத் தாத்தா, என் அப்பா, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து மகள் வகுப்புக்கு வர மாட்டேன் என்கிறாள்.

அப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். இந்த ஊரைச் சுற்றி இருந்த குவாரிகளில்தான் அவருடைய வாலிபம் போனது. பாறை எந்தப் பக்கம் சுலபமாகப் பிளக்கும் என்று முதலில் தட்டிப் பார்ப்பார்கள். அந்த வாட்டத்தில் வரிசையாகக் குழி அடிப்பார்கள். குழிகளில் இரும்பு ஆப்பை இறக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சம்மட்டியால் ஒரே அளவாகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரே ஆப்பில் ஓங்கி அடித்தால் கல் கோணலாக உடையும், மொத்த உழைப்பும் வீண். மேல்பாறையில் விறகை எரித்து, நெருப்பை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போய்ப் பலகை பலகையாகக் கல்லை உரித்தெடுக்கும் முறையும் உண்டு. ஓசூர், கோலார் பக்கம் வேலிக்கு நட்டிருக்கும் கல் பலகைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்த பிறகும் உளிகளை உலையில் காய்ச்சி முனை அடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் வேலை ஓடாது. இதில் அப்பாவுக்கு ஒரு விரல் நசுங்கியது. கல் சில்லு தெறித்து வலது கண்ணில் பார்வை குறைந்தது. கல்தூசி கொடுத்த இருமல் இன்னும் விடவில்லை. மேடையில் சிரிப்புக்குப் பொருளானது இந்த உழைப்புதான்.

எகிப்துக்கே வருகிறேன். கிசாவில் பெரிய பிரமிடைக் கட்டிய குஃபு மன்னன் காலத்து மேற்பார்வையாளர் ஒருவரின் வேலைக் குறிப்பேடு 2013இல் செங்கடல் கரையில் கிடைத்தது. அவர் பெயர் மெரெர். துரா குவாரியில் சுண்ணாம்புக்கல்லை ஏற்றி, நைல் ஆற்றில் படகில் கொண்டுவந்து கிசாவில் இறக்கியதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். பத்து நாளில் இரண்டு மூன்று நடை போயிருக்கிறார்கள். சுமார் 4,500 ஆண்டு பழைய குறிப்பு அது. பிரமிடுக்குப் பக்கத்திலேயே தொழிலாளர்களின் ஊர் தோண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு ரொட்டி சுட்ட இடங்களும், அவர்கள் தின்ற மாட்டின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. அவர்களுடைய கல்லறைகளில் கிடைத்த எலும்புக்கூடுகளில் முறிந்து கூடிய கைகால் எலும்புகள் உள்ளன. அப்பாவின் விரலைத் தினமும் பார்க்கிற எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.

அஸ்வானில் பாதியில் கைவிட்ட தூண் ஒன்று இன்றும் பாறையோடு பாறையாகக் கிடக்கிறது. சுமார் 42 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல் எடை. டோலரைட் என்ற கடினமான கல் உருண்டைகளால் இடித்து இடித்தே அதைச் செதுக்கினார்கள். நடுவில் விரிசல் விழுந்தது, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிரமிடில் கற்களை மேலே ஏற்றிய சாய்தளம் எந்த வடிவில் இருந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. கட்டியவர்கள் யார் என்பதில் இல்லை. இந்த இரண்டையும் பேச்சாளர் போட்டுக் குழப்பிவிட்டார்.

தஞ்சை விஷயம் இன்னும் வலிக்கிறது. தமிழனுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துத்தான் அவர் பேசினார், அது எனக்குப் புரிகிறது. ஆனால் 1010இல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயிலின் கல்வெட்டிலேயே குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. விளக்குக்கு ஆடு கொடுத்தவர்களையும் கோயிலில் ஆடிய பெண்களையும்கூடப் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஒரு பேரரசன் கொடுத்த மரியாதையை இன்று நம் மேடையில் ஒருவர் எடுத்துவிட்டார். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும் சொன்னார். விழும். வெயில் நேரத்தில் போய் நின்றால் யாரும் பார்க்கலாம்.

கர்நாடகத்தில் இருக்கும் நாம் இதற்காகத் தஞ்சைவரைகூடப் போக வேண்டாம். பேலூர்க் கோயிலில் தாசோஜன், அவர் மகன் சாவணன் என்று சிற்பிகள் தாங்கள் செதுக்கிய சிலைகளின் அடியில் பெயர் பொறித்திருக்கிறார்கள். சிரவணபெளகுளாவில் சுமார் 57 அடி உயரக் கோமதேசுவரர் சிலையின் காலடியில், கங்க மன்னரின் அமைச்சர் சாமுண்டராயர் செய்வித்தார் என்ற வாசகம் கன்னடத்தோடு தமிழிலும் இருக்கிறது. குன்றின் உச்சியில் ஒரே பாறையில் செதுக்கிய சிலை அது. இங்கிருந்து சில மணி நேரப் பயணம்தான். பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்த வரியைக் காட்டிப் பொருள் சொல்லியிருந்தால் தமிழ் வகுப்புக்கு அதைவிட நல்ல பாடம் ஏது?

இன்றைக்கும் இதே கதைதான். இந்த நகரத்தின் மெட்ரோ தூண்களையும் அடுக்குமாடிகளையும் எழுப்புகிறவர்கள் தகரக் கொட்டகையில் தங்குகிறார்கள். திறப்பு விழாக் கல்லில் அமைச்சர் பெயர் இருக்கும், ஒரு கொத்தனார் பெயர்கூட இருக்காது. கூலிக்காரர்களின் கையால் எதுவும் பெரிதாக நடக்காது என்று படித்தவர்களே நம்பத் தொடங்கிவிட்ட பிறகு, வானத்திலிருந்து யாரோ வந்து கட்டினார்கள் என்றால் பிள்ளைகள் ஏன் நம்ப மாட்டார்கள்? கைபேசியில் வரும் வீடியோக்களை என்னால் தடுக்க முடியாது. நம் பணத்தில், நம் அமைப்பின் பெயரில் போட்ட மேடையைப் பற்றியாவது கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகளாகச் சம்பளம் வாங்காமல் வகுப்பு நடத்துகிறீர்கள். என் மகள் தமிழ் எழுதப் படிக்கக் கற்றது உங்களால்தான். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். பேச்சாளரை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. அடுத்த சிறப்பு நிகழ்ச்சியில், அதே மேடையில், அதே பிள்ளைகள் முன்னால், இவற்றைக் கட்டியவர்கள் மனிதர்கள் என்று நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும். பெற்றோர் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பேச்சின் பதிவோடு இந்தத் திருத்தமும் போக வேண்டும். கல்வெட்டு படித்த ஒருவரை அழைத்துப் பேசவைத்தால் இன்னும் நல்லது, அதற்கான செலவில் என்னால் ஆனதைத் தருகிறேன்.

தனியாக எனக்கு விளக்கம் சொன்னால் போதாது. சிரித்தது அரங்கம், அதனால் திருத்தமும் அரங்கத்தில் வர வேண்டும். அடுத்த நிகழ்ச்சியின் அழைப்பிதழ் அச்சாகும் முன் உங்கள் பதிலைத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்,
கல் உடைக்கும் தொழிலாளியின் மகள்